திட்டாமல் கேளுங்கள், விழாமல் காப்போம்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியரும் நமது கூட்டமைப்பின் சுகாதாரப் பயிற்றுநருமான சகோதரி பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்க வீட்டில் 60 வயது தாண்டிய மாமியார், மாமனார், அம்மா, அப்பா யாராவது இருக்காங்களா? கை தூக்குங்க பார்ப்போம். பாருங்க, தூக்காத கையை எண்ணுவதுதான் சுலபம். கை தூக்கின சில அக்காமாருக்கே 60 தாண்டியாச்சு. (சிரிப்பு)

இன்னொரு கேள்வி. போன ஒரு வருஷத்தில் அவங்க யாராவது கீழே விழுந்தாங்களா? இப்போ நாலஞ்சு கைதான் மேலே இருக்கு. கை குறைஞ்சு போச்சே, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். உண்மையிலேயே அவங்க விழவில்லையா? இல்லை, விழுந்தது நமக்குத் தெரியவில்லையா?

என் அம்மா மறைத்த விஷயம்

முப்பது வருஷத்துக்கு மேல் நான் செவிலியர் வேலை பார்த்தேன். ஊர் ஊராகப் போய் தடுப்பூசி போட்டேன், பிரசவம் பார்த்தேன், எல்லாருக்கும் புத்தி சொன்னேன். என் சொந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்க.

என் அம்மாவுக்கு அப்போ 72 வயது. தம்பி வீட்டில் இருந்தாங்க. காலையில் எழுந்தால் கத்தரித் தோட்டத்துக்குப் போய்விடுவாங்க. ஒரு ஆடி மாசம் நான் ஊருக்குப் போனபோது, அம்மாவின் முழங்கையில் பெரிய கன்றல். "என்னம்மா இது?" என்று கேட்டேன். "ஆட்டுக் கயிறு இழுத்துருச்சு தாயி" என்றாங்க. நானும் நம்பி, மருந்து தடவிவிட்டு வந்துட்டேன்.

நாலு மாசம் கழிச்சு, கார்த்திகை மாசம், ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தவங்க பின்வாசப்படியில் விழுந்துட்டாங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் என்னிடம் சொன்னாங்க: "ஆடியில தொட்டிகிட்ட விழுந்தேன் தாயி. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வரப்புல விழுந்தேன்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "சொன்னா நீ திட்டுவே. தோட்டத்துக்குப் போகவிட மாட்டீங்க" என்றாங்க.

அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் என் தம்பி மனைவி அஞ்சு மாசம் கூலி வேலைக்குப் போக முடியவில்லை. அவளும் குழு உறுப்பினர்தான். மாடு வாங்கின கடனுக்குத் தவணை நின்றது. கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தாங்க. ஒரு நாள்கூடத் தோட்டத்துக்குப் போகவில்லை.

அந்த ஆடி மாசத்து விழுதல் எங்களுக்கு வந்த நோட்டீஸ். வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தால் நாம் எப்படி ஓடுகிறோம்? இந்த நோட்டீஸை அம்மா ஒளிச்சு வைச்சாங்க. ஒளிக்க வைச்சது எங்க வாய். இதை நான் வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

இது நம் வீட்டில் மட்டும் நடப்பதில்லை

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், 65 வயது தாண்டியவர்களில் 100 பேருக்கு 28 முதல் 35 பேர் வரை ஒவ்வொரு வருஷமும் விழுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறது. ஏறக்குறைய மூணு பேரில் ஒருத்தர். உலகம் முழுக்க விழுந்து இறப்பவர்கள் வருஷத்துக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் என்றும் அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் 80 சதவீதத்துக்கு மேல் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில்தான். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்கு.

"வயசானா விழத்தான் செய்வாங்க, விதி" என்று சொல்கிறோம். விதி இல்லைங்க. காரணம் இருக்கு. அதுவும் ஒரே காரணமாக இருப்பதில்லை, நாலஞ்சு சேர்ந்துகொள்ளும். தொடையில் பலம் குறைந்திருக்கும். கண்ணில் புரை இருக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருக்கும். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போக வேண்டியிருக்கும். வாசலில் பாசி, வழியில் இருட்டு. ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் சமாளித்துவிடுவாங்க. எல்லாம் ஒரே ராத்திரியில் சேரும்போது விழுறாங்க. அதனால் இதில் ஒன்றிரண்டைக் குறைத்தாலே பாதுகாப்பு கூடும்.

எப்படிக் கேட்பது?

முதல் வேலை கேட்பது. ஆனால் "விழுந்தீங்களா?" என்று மொட்டையாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். விழுந்தால் குற்றம் என்று அவங்க நினைக்கிறாங்க. நாமும் அப்படித்தான் பேசுறோம். "பார்த்து நடக்கக் கூடாதா? இந்த வயசுல உங்களை யார் அங்கே போகச் சொன்னா?" இதுதானே நம்ம வாயில் முதலில் வருவது?

பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலை மடிக்கும்போதோ கீரை ஆயும்போதோ இப்படிக் கேளுங்க:

ஒன்று: "அத்தை, இந்த ஒரு வருஷத்துல எங்கேயாவது சறுக்குச்சா, தடுக்குச்சா, கீழே உட்கார்ந்துட்டீங்களா?"

இரண்டு: "நிக்கும்போதோ நடக்கும்போதோ தள்ளாட்டமா இருக்கா? சுவத்தைப் பிடிச்சுக்கிறீங்களா?"

மூன்று: "விழுந்துருவோமோன்னு பயமா இருக்கா? அந்தப் பயத்துல எங்கேயாவது போகாம இருக்கீங்களா?"

இந்த மூன்றில் ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் மருத்துவர்களுக்குத் தந்திருக்கிற வழிமுறையும் இதே மூன்று கேள்வியில்தான் தொடங்குகிறது.

கேட்பதற்கு முன்னால் ஒரு வாக்கு கொடுங்க. "சொன்னா உங்களைக் கட்டிப் போட மாட்டோம். நீங்க தொடர்ந்து நடமாடணும்னுதான் கேட்கிறோம்." இந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். விழுந்துவிடுவாங்க என்று பயந்து மூலையில் உட்கார வைத்தால், தொடையில் இருக்கிற கொஞ்சநஞ்ச பலமும் போய்விடும். அப்புறம் எழுந்தால் கட்டாயம் விழுவாங்க.

வீட்டிலேயே செய்து பார்க்க மூன்று சோதனை

இதற்கு எந்த மெஷினும் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு அளவுக் கயிறு, நேரம் பார்க்க செல்போன் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: சோதனை செய்யும்போது ஒருத்தர் பக்கத்தில், பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் இருக்கிறவங்களுக்கும், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவங்களுக்கும் வீட்டில் செய்ய வேண்டாம்.

முதல் சோதனை, எழுந்து நடந்து வருவது. நாற்காலியிலிருந்து 10 அடி தூரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. பெரியவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரட்டும். வழக்கமாகப் போடும் செருப்பு, வைத்திருக்கும் கம்பு எல்லாம் இருக்கலாம். "எழுந்திருங்க" என்று சொன்னதும் நேரத்தை எண்ண ஆரம்பியுங்க. எழுந்து, சாதாரணமாக நடந்து, கோட்டில் திரும்பி, வந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது என்று அர்த்தம். நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. எழும்போது தடுமாறுறாங்களா, காலை இழுத்து நடக்கிறாங்களா, திரும்பும்போது சுவரைத் தேடுறாங்களா என்றும் பாருங்க.

இரண்டாவது, உட்கார்ந்து எழுவது. கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்க. இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்காருகிறாங்க என்று எண்ணுங்க. பெண்களுக்கு 60 முதல் 64 வயது என்றால் 12-க்குக் குறையக் கூடாது. 65 முதல் 69 வரை 11. 70 முதல் 79 வரை 10. 80 முதல் 84 வரை 9. ஆண்களுக்கு 60 முதல் 64 வரை 14, 65 முதல் 74 வரை 12, 75 முதல் 79 வரை 11, 80 முதல் 84 வரை 10. கையை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை என்றால், தொடை பலம் மிகவும் குறைந்துவிட்டது.

மூன்றாவது, நிற்பது. ஒரு பாதத்தின் குதிகால் மற்ற பாதத்தின் விரலைத் தொடுகிற மாதிரி, ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக வைத்து, பிடிக்காமல் 10 விநாடி நிற்க வேண்டும். முடியாவிட்டால் சமநிலை குறைவு.

இன்னொன்றும் கவனியுங்க. பேசிக்கொண்டே நடக்கும்போது, பதில் சொல்வதற்காக நடையை நிறுத்துறாங்களா? ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997-இல் இதை எழுதினாங்க. பேசுவதற்காக நின்றுவிடுகிற முதியவர்கள் அடுத்த சில மாதங்களில் விழுவது அதிகமாக இருந்ததாம். நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்று அர்த்தம்.

இது பரீட்சை இல்லை. "ஃபெயில் ஆயிட்டீங்க அத்தை" என்று சொல்லிவிடாதீங்க! (சிரிப்பு) டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நமக்குக் காட்டிக்கொடுக்கிற அடையாளம், அவ்வளவுதான்.

அபாயம் இருக்கிறது என்று தெரிந்தால்?

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்க. எத்தனை தடவை விழுந்தாங்க, எந்த நேரம், எந்த இடம், விழும் முன்னால் மயக்கம் வந்ததா என்று சொல்லுங்க. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்க. மெடிக்கலில் நாமாக வாங்கினதும் அதில் இருக்கட்டும். நாமாக எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

ரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்க. 5 நிமிஷம் படுத்த பிறகு ஒன்று. எழுந்து நின்று 1 நிமிஷத்தில் ஒன்று, 3 நிமிஷத்தில் ஒன்று. நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது கண் இருட்டுவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். டாக்டர் மருந்தை மாற்றித் தருவார். அதுவரை, படுக்கையிலிருந்து எழும்போது கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு, அப்புறம் நிற்கச் சொல்லுங்க.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்டது உங்களுக்குத் தெரியும். அதில் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள்தான். உங்க ஊரில் அப்படி வருகிற சகோதரியிடம் "எங்க அத்தை விழுந்தாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவாரா என்றும் கேளுங்க.

கண்ணைக் காட்டுங்க. புரை இருந்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப் போடாதீங்க. சர்க்கரை உள்ளவங்க பாதத்தைத் தினமும் பாருங்க.

எல்லாத்தையும்விட முக்கியம் உடற்பயிற்சி. 25 நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் பார்த்தபோது, உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ரொம்ப எளிமையான பயிற்சிதான். ஜன்னல் கம்பியையோ திண்ணைத் தூணையோ பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி விரலில் நின்று இறங்குவது 10 தடவை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது 10 தடவை. சுவரோரமாகப் பக்கவாட்டில் நடப்பது. மெதுவாக ஆரம்பித்து, வாரத்தில் பல நாள், மாசக்கணக்கில் செய்ய வேண்டும். ஒரு வாரம் செய்துவிட்டு விட்டால் பலன் இல்லை. கூடவே நாமும் செய்யலாம். நமக்கும் வயசு ஏறிக்கொண்டுதானே இருக்கு?

அடுத்து வீடு. ராத்திரி கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் நீங்களே ஒரு தடவை விளக்கில்லாமல் நடந்து பாருங்க. எங்கே தடுக்குது என்று தெரியும். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் டார்ச் லைட்டு வையுங்க. வழியில் குடம், முறம், ஆட்டுக் கயிறு கிடக்கக் கூடாது. கால் துடைக்கப் போடுகிற பழைய நைலான் சேலையை எடுத்துவிட்டுச் சாக்கைப் போடுங்க, அதுவும் சுருண்டு கிடக்கக் கூடாது. குளிக்கிற கல்லில் பாசியை வாரம் ஒரு தடவை தேய்த்துவிடுங்க. படி ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் மங்கின கண்ணுக்கும் தெரியும். கழிப்பறையில் பிடித்து எழ ஒரு இரும்புக் குழாயைச் சுவரில் பதியுங்க. பின்பக்கக் கழிப்பறைக்கு மூங்கில் கட்டி ஒரு கைப்பிடி போடலாம். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கிப் போடுங்க. கம்பு, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு உயரத்துக்கு இருக்க வேண்டும்.

ஒரு வருஷத்து ஆஸ்பத்திரி அலைச்சலையும், போன கூலியையும், நின்ற தவணையையும் கணக்குப் போட்டால், இந்தக் குழாய்ச் செலவு ஒன்றுமே இல்லை.

விழுந்துவிட்டால்?

பதறி, கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க. முதலில் பேச்சுக் கொடுங்க. எங்கே வலி என்று கேளுங்க. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், இடுப்பில் வலித்து எழவே முடியாவிட்டால், இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க. எண்ணெய் தடவி, கட்டுப் போட்டு வீட்டில் கிடத்தாதீங்க. இடுப்பு முறிவுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. நாள் தள்ளத் தள்ள படுக்கைப் புண், நெஞ்சுச் சளி என்று ஆபத்து கூடும். தலையில் அடிபட்டாலும், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவங்களாக இருந்தாலும், காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிதான். காப்பீட்டு அட்டையை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்க.

காயமே இல்லாமல் எழுந்துவிட்டாங்களா? அப்போதும் "ஒண்ணும் ஆகலை" என்று விட்டுவிடாதீங்க. அதுதான் நோட்டீஸ்.

ஒரு தீர்மானம் போடுவோம்

சகோதரிகளே, சேமிப்பு எழுதுகிறோம், கடன் எழுதுகிறோம். அதே நோட்டில் கடைசியில் ஒரு பக்கம் ஒதுக்குங்க. மாசம் ஒரு கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் சொல்லட்டும்: "எங்க வீட்டுப் பெரியவர் இந்த மாசம் விழவில்லை" அல்லது "விழுந்தார், இந்த இடத்தில்." விழுந்த வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பாருங்க. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கிற பாட்டிமார் ஊருக்கு ஊர் இருக்காங்க. அவங்களை நாம் கேட்காவிட்டால் யார் கேட்பாங்க? அவங்க வீட்டுக்கும் போய்க் கேளுங்க.

இப்போதும் ஆடி மாசம் வந்தால் எனக்கு அந்தக் கன்றல் ஞாபகம் வரும். நான் செவிலியர். ஆட்டுக் கயிறு இழுத்த தடம் எப்படி இருக்கும், விழுந்த கன்றல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவசரத்தில் நின்று கேட்கவில்லை. அன்றைக்கு அம்மா பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, "திட்ட மாட்டேன் சொல்லும்மா" என்று சொல்லியிருந்தால், பின்வாசப்படிக்கு ஒரு விளக்காவது போட்டிருப்பேன்.

உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேளுங்க.



(இந்த உரைக்குப் பிறகு, ஒவ்வொரு குழுவின் நோட்டிலும் பெரியவர்களுக்கென ஒரு பக்கம் ஒதுக்குவது என்று கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. உங்கள் குழுவில் தெரிய வந்ததை அடுத்த கூட்டத்துக்கு எழுதிக் கொண்டு வாருங்கள்.)